மாட்டுக்கு டிபி 'பாசிட்டிவ்'னு வந்துடுச்சா? சந்தைக்கு ஓட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பத்து மாடு வச்சிருக்கிற ஒரு பண்ணை. கால்நடை மருத்துவர் கழுத்துத் தோல்ல ஊசி போட்டுட்டுப் போறார். மூணு நாள் கழிச்சு வந்து பார்த்தா, ஒரு மாட்டுக்கு அந்த இடம் தடிச்சிருக்கு. 'டிபி பாசிட்டிவ்' என்கிறார். மாடோ நல்லா தீவனம் எடுக்குது, பாலும் குறையலை. பலருக்கும் அப்போ முதல்ல தோணுறது, விஷயம் வெளிய தெரியுறதுக்குள்ள வர்ற சந்தையில தள்ளிவிட்டுடலாம் என்பதுதான்.

செய்யவே கூடாதது அதுதான்.

ஊசி என்ன சொல்லுது?

மாட்டுக் காசநோய்க்குப் பெரும்பாலும் காரணம் 'மைக்கோபாக்டீரியம் போவிஸ்' என்ற கிருமி. மனிதர்களுக்கு டிபி தரும் கிருமிக்கு நெருங்கிய பங்காளி. சென்னையில் மாடுகளிடம் 'ஒரிஜிஸ்' என்ற இன்னொரு பங்காளியையும் ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

டியூபர்குலின் என்ற திரவத்தைத் தோலுக்குள் செலுத்தி, 72 மணி நேரம் கழித்து தோலின் தடிமனை அளக்கிறார்கள். 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் பாசிட்டிவ். 2-க்கும் 4-க்கும் நடுவில் என்றால் சந்தேகம்.

ஆனா இந்த ஊசியும் ஏமாறும். தீராத கழிச்சலைக் கொடுக்கும் ஜோனிஸ் நோய்க் கிருமியும் இதே குடும்பம்தான். அது இருந்தாலும் தோல் தடிக்கலாம். அதனாலதான் பறவை டியூபர்குலினையும் பக்கத்துலயே போட்டு ஒப்பிட்டுப் பார்க்கிற சோதனை இருக்கு. அதை உடனே செய்யச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீங்க. குறைந்தது 42 நாள் இடைவெளி வேணும், இல்லேன்னா தோல் சரியா எதிர்வினை காட்டாது.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும். நோய் முற்றி எலும்பும் தோலுமா நிக்கிற மாட்டுக்கும், இப்பதான் கன்னு ஈன்ற மாட்டுக்கும் 'நெகட்டிவ்' வரலாம். அதனால ஒரு மாடு பாசிட்டிவ்னா, மொத்தப் பண்ணையையும் சோதிக்கணும்.

அந்த 42 நாள்

பாசிட்டிவ் மாட்டைத் தனியா, காற்றோட்டமான இடத்துல கட்டுங்க. மூச்சுக்காற்று வழியாத்தான் இது அதிகம் பரவுது. பொதுத் தொட்டி வேண்டாம். அந்த மாட்டைக் கடைசியா கறங்க. பாலை சொசைட்டிக்கு ஊத்தாம தனியா வைங்க. கன்னுக்குட்டியை அதன் மடியில் ஊட்ட விடாதீங்க.

நம்ம வீடுகளில் பாலைப் பொங்கவிட்டுக் காய்ச்சுகிற பழக்கம் இருக்கே, அது பெரிய காப்பு. 72 டிகிரியில் 15 விநாடி வைக்கும் பாஸ்டரைசேஷனே இந்தக் கிருமியைக் கொன்னுடும். கறந்த சூட்டோட குழந்தைக்கு ஒரு டம்ளர் பச்சைப்பால் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுடணும்.

வீட்டில் இருக்கிறவங்களும், கொட்டகையிலேயே படுக்கிற வேலையாளும் அரசு மருத்துவமனையில் சோதனை செய்துக்கணும். இருமல் இருந்தாத்தான் டிபி என்றில்லை. பால் வழியா வந்தால் கழுத்துக் கழலையாகவோ, வயிற்று நோயாகவோ காட்டலாம். 'எங்க மாட்டுக்கு பாசிட்டிவ்' என்று டாக்டரிடம் மறக்காம சொல்லுங்க. காரணம், டிபிக்கு வழக்கமா தரும் பைராசினமைடு மாத்திரை போவிஸ் கிருமிகிட்ட வேலை செய்யாது. மனிதரிடமிருந்து மாட்டுக்கும் டிபி தொற்றும் என்பது இன்னொரு விஷயம்.

விற்கவே கூடாதா?

2009-ம் ஆண்டின் விலங்கு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப் பட்டியலில் மாட்டுக் காசநோயும் இருக்கு. நோய் சந்தேகம் வந்தால் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பதும், மாட்டைத் தனியே வைப்பதும் உரிமையாளரின் கடமை.

பிரிட்டனில் பாசிட்டிவ் மாடுகளைக் கட்டாயமாக வெட்டி, இழப்பீடு கொடுக்கிறார்கள். இந்தியாவில் நாடு முழுக்க அப்படியொரு திட்டம் இல்லை. கடன் வாங்கி மாடு வாங்கினவர்கிட்ட, நஷ்டத்தையும் நீயே சுமந்துக்கோ, நேர்மையாவும் இரு என்று சொல்வது சங்கடமான விஷயம்தான். ஆனா விற்ற மாடு இன்னொரு கொட்டகைக்குத்தான் போகும், அங்கேயும் ஒரு கன்னும் ஒரு குழந்தையும் இருக்கும்.

மாட்டுக்கு டிபி மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். மாதக்கணக்கில் கொடுக்கணும், முழுசா குணமாகும் உத்தரவாதமும் இல்லை, மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் ஆபத்து வேற.

புதுசா மாடு வாங்குறவங்க, மந்தையோடு சேர்ப்பதற்கு முன் தனியாக் கட்டி, இந்த ஊசிச் சோதனையைச் செய்யச் சொல்லி உங்க ஊர் கால்நடை மருந்தகத்தில் கேளுங்க.