60 ஓம் சொல்லும் சேதி

காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு கப்ளர் இருக்கும். பணிமனையில் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட் அதுதான். பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அதன் 6-ஆம் பின்னிலும் 14-ஆம் பின்னிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்தால், பெரும்பாலான கார்களில் 60 ஓம் என்று காட்டும். 120 காட்டினால், டாஷ்போர்டுக்குப் பின்னாலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு கம்பி அறுந்திருக்கலாம். ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் இது எப்படித் தெரிகிறது?

அந்த இரண்டு பின்களும் 'கேன்' என்ற தகவல் பாதையின் இரு கம்பிகள். ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த ஏற்பாடு 1986-இல் டெட்ராய்டில் அறிமுகமானது. எஞ்சின், பிரேக், கியர் என ஒவ்வொன்றையும் ஆளும் சிறு கணினிகள் தங்களுக்குள் தனித்தனிக் கம்பி இழுத்துக்கொள்ளாமல், முறுக்கிய ஒரே ஜோடிக் கம்பியில் பேசிக்கொள்கின்றன. பேச்சில்லாதபோது இரண்டு கம்பிகளிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஒன்று 3.5 ஆக ஏறும், மற்றது 1.5 ஆக இறங்கும். கேட்கும் கணினி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. ஸ்பார்க் பிளக்கிலிருந்து வரும் மின் இரைச்சல் இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்குவதால், கழித்துப் பார்க்கும்போது அது மறைந்துவிடுகிறது.

கம்பியின் முனைக்குப் போய்ச் சேரும் துடிப்பு, அங்கே தடுக்கப்படாவிட்டால் எதிரொலித்துத் திரும்பி அடுத்த சேதியைக் குழப்பும். அதை உறிஞ்சிக்கொள்ள இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வைத்திருக்கிறார்கள். இரண்டு 120 பக்க இணைப்பில் சேர்ந்தால் 60. வழியில் கம்பி அறுந்து ஒரு முனை பிரிந்துபோனால், மீட்டருக்குத் தெரிவது மிச்சமுள்ள 120 மட்டும்.

6, 14 என்ற எண்களை நாம் நம்பலாம், ஏனெனில் இந்த போர்ட்டின் முக்கியப் பின்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை. 4-உம் 5-உம் எர்த், 16 நேரே பேட்டரி. அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு இந்த போர்ட் கட்டாயம். ஆனால் 1, 3, 8 போன்ற சில பின்கள் தயாரிப்பாளரின் விருப்பத்துக்கு விடப்பட்டவை. வண்டியின் மற்ற கப்ளர்களோ முழுக்க முழுக்க அவரவர் பாணி. அங்கேதான் அந்த மாடலுக்கான கப்ளர் அட்டவணை தேவைப்படுகிறது. கப்ளர் எங்கே இருக்கிறது, எத்தனையாவது பின், கம்பி என்ன நிறம், எங்கே போகிறது, எந்த நிலையில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதை அது சொல்லும்.

எண்ணுக்கே பொருள் கொடுத்த பழைய முறை ஒன்றும் உண்டு. நம் ஊர்க் கடையில் வாங்கும் ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்று பொறித்திருக்கும். இது ஜெர்மன் டின் 72552 தரம் தந்த எண் வரிசை. 30 என்றால் பேட்டரியிலிருந்து வரும் மெயின். 85, 86 ரிலேயின் சுருள். 87 வழியாக மின்சாரம் ஹாரனுக்கோ ஹெட்லைட்டுக்கோ போகும். சுருளுக்கு மின்சாரம் வந்து, 30-இல் 12 வோல்ட் இருந்து, 87-இல் இல்லையென்றால், குற்றவாளி ரிலேதான்.

அட்டவணையைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. படம் கப்ளரின் முகத்தைப் பார்த்து வரையப்பட்டதா, கம்பி நுழையும் பின்பக்கத்தைப் பார்த்தா? இரண்டுக்கும் இடவலம் மாறிவிடும். பூட்டு நாக்கு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பின்னை எண்ணி, 5 வோல்ட்டில் இயங்கும் சென்சார் கம்பியில் 12 வோல்ட்டைக் கொடுத்தால் கணினியே போய்விடலாம்.

அதைவிடப் பெரிய பொறி, சரியான பின்னில் சரியான வோல்ட் காட்டும் மீட்டர். அடைத்துக்கொண்ட குழாயிலும் திருகை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுதாக இருக்கும். திறந்தால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. துருவேறிய எர்த்தில் 1 ஓம் தடை இருந்தாலும் அதற்கு 12 வோல்ட்தான் தெரியும். 55 வாட் ஹெட்லைட்டைப் போட்டால் கதை மாறும். மூன்று ஆம்பியருக்கு மேல் ஓட முயலும்போது அந்த 1 ஓம் மட்டும் மூன்று வோல்ட்டை விழுங்கிவிடும், வெளிச்சம் மங்கும். அதனால்தான் விளக்கு எரியும்போதே பேட்டரியின் மைனஸுக்கும் விளக்கின் எர்த்துக்கும் இடையே அளக்கிறார்கள். நல்ல இணைப்பில் அது 0.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

இப்படிப்பட்ட தடை கப்ளருக்குள்ளும் வளரும். வண்டியின் அதிர்வில் தகரப் பூச்சுள்ள பின்கள் கண்ணுக்குத் தெரியாத தூரம் உரசி உரசி, ஆக்சைடு படலம் சேர்கிறது. ஏர்பேக் கப்ளர்களில் பின்னுக்குத் தங்கப் பூச்சு கொடுப்பது இதற்காகவே.

ஆகவே அட்டவணையில் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைக்கும் எண்ணின் மதிப்பு உண்டு: சாவி போட்டா, போடாமலா? கப்ளர் செருகியா, கழற்றியா? அதைப் படிக்காதவர் நன்றாக உள்ள கணினியைக் கழற்றிவிட்டுப் புதிதுக்குப் பணம் கட்டுவார். படித்தவர் எர்த் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்து முடுக்கி வண்டியை அனுப்பிவிடுவார்.