பாட் சம்மிட்: பந்தும் படிப்பும் ஊர்ப் பணியும்

விளையாட்டுப் பயிற்சியாளர் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமும்தான். பிள்ளைகளை ஓடச் சொல்வார், பந்தைப் போடச் சொல்வார், போட்டி வந்தால் கோப்பை வாங்கித் தருவார் என்பதோடு நம் எண்ணம் நின்றுவிடும். இந்த ஊர்ப் பள்ளியொன்றில் இருபத்தெட்டு ஆண்டுகள் பி.டி. டீச்சராக இருந்தவள் என்ற முறையில், அந்த வேலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை ஒருவருடைய வாழ்க்கையை வைத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். அவர் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1974 முதல் 2012 வரை 38 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாட் சம்மிட். 1,098 வெற்றிகள், 208 தோல்விகள், எட்டு தேசிய சாம்பியன் பட்டங்கள் என்பது அவருடைய கணக்கு.

பண்ணை வீட்டுப் பெண்

1952 ஜூன் 14-ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில் என்ற ஊரில் பாட் பிறந்தார். தந்தை ரிச்சர்ட் ஹெட் விவசாயி, மிகவும் கண்டிப்பானவர். வீட்டில் ஐந்து குழந்தைகள். பாட்டுக்கு மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. பகல் முழுவதும் புகையிலைத் தோட்டத்திலும் வைக்கோல் வேலையிலும் உடம்பு நோக உழைத்துவிட்டு, மாலையில் வைக்கோல் பரணில் கட்டிய வளையத்தில் அண்ணன்மாரோடு பந்து போடுவார். "பெண் பிள்ளை" என்று அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் அவருக்குக் கிடைத்த முதல் பயிற்சி.

உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது கிளார்க்ஸ்வில் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை. பக்கத்து மாவட்டத்துப் பள்ளியில் இருந்தது. மகள் அங்கே ஆட வேண்டும் என்பதற்காகவே தந்தை ஹென்ரியெட்டா என்ற சிற்றூருக்குக் குடும்பத்தையே மாற்றிக்கொண்டு போனார். பையனின் ஐ.ஐ.டி. கோச்சிங்குக்காக வீடு மாறிய பெற்றோரை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பெண்ணின் பந்தாட்டத்துக்காக வீடு மாறிய விவசாயியைப் பற்றிப் படித்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது.

சட்டம் திறந்த வழி

பாட் கல்லூரியில் படித்த காலத்தில் பெண்களுக்கு விளையாட்டு உதவித்தொகை என்பது அநேகமாகக் கிடையாது. பெற்றோர் பணம் கட்டித்தான் மார்ட்டின் நகரில் உள்ள டென்னசி பல்கலைக்கழகக் கிளையில் படித்தார். 1972-ல் அமெரிக்கக் கல்விச் சட்டத்தில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. "டைட்டில் நைன்" என்று அதைச் சொல்வார்கள். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பேதம் காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அந்தச் சட்டத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆனால் கல்லூரி விளையாட்டும் கல்வியின் பகுதி என்பதால், பெண்களுக்கும் அணி, ஆடுகளம், பயிற்சியாளர், உதவித்தொகை எல்லாம் படிப்படியாக வந்தன.

1974-ல் நாக்ஸ்வில் நகரில் உள்ள தலைமைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கப் போன பாட்டிடம், எதிர்பாராத விதமாகப் பெண்கள் அணியின் தலைமைப் பொறுப்பு வந்து சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது 22. மாதச் சம்பளம் 250 டாலர். அணியில் இருந்த சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். ஆட்டக்காரிகளின் சீருடையை அவரே துவைத்தார், வெளியூர்ப் போட்டிகளுக்கு வேனை அவரே ஓட்டினார். ஒருமுறை எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத்திலேயே பாய் விரித்து எல்லோரும் படுத்துக்கொண்டார்கள். முதல் போட்டியில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோற்றார்.

அதே சமயத்தில் அவர் ஆட்டக்காரியும்கூட. முழங்காலில் பட்ட பலத்த காயத்தை ஆற்றிக்கொண்டு, 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியின் இணைத் தலைவிகளில் ஒருவராக ஆடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்து சேர்க்கப்பட்டதே அந்த ஆண்டுதான். எட்டு ஆண்டு கழித்து 1984 லாஸ் ஏஞ்சலீசில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கு அவரே பயிற்சியாளர்.

பாதி மைதான ஆட்டம்

கூடைப்பந்தில் ஓரணிக்கு ஐந்து பேர் என்பது நாம் அறிந்தது. டென்னசி பள்ளிகளில் பெண்களுக்கு மட்டும் ஆறு பேர் ஆட்டம் இருந்தது. மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள், மற்ற மூன்று பேர் மறு பாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பெண்களுக்கு முழு மைதானமும் ஓடும் வலு இல்லை என்ற பழைய எண்ணத்தில் பிறந்த விதி அது. இதனால் என்ன ஆயிற்று? தடுக்கும் வரிசையில் நின்ற பெண் பள்ளிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடக் கூடையை நோக்கிப் பந்து எறிந்திருக்க மாட்டாள். கல்லூரிகள் ஐந்து பேர் ஆட்டத்துக்கு ஆள் தேடும்போது அவளுக்கு இடம் கிடைக்காது, உதவித்தொகையும் கிடைக்காது.

இந்த விதி மாறாதவரை சொந்த மாநிலத்துப் பள்ளிகளிலிருந்து ஆட்டக்காரிகளை எடுக்க மாட்டேன் என்று பாட் சொன்னார். இருபதுகளில் இருந்த ஒரு பெண் தன் மாநிலத்தையே எதிர்த்துப் பேசுவது எளிய காரியம் அல்ல. 1979-ல் விதி மாறியது. கோப்பைகளைவிட இதையே அவருடைய பெரிய வெற்றியாக நான் கருதுகிறேன். கோப்பை ஓர் அணிக்குத்தான் போகும். இந்த மாற்றம் அந்த மாநிலத்துப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் மூன்று வரிசை

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பயிற்சியாளரே ஊர் ஊராகப் போய்ப் பள்ளி மாணவிகளின் ஆட்டத்தைப் பார்ப்பார். பிடித்திருந்தால் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடம் பேசுவார். பெண் வந்து சேர்ந்தால் உதவித்தொகையில் படித்துக்கொண்டே நான்கு பருவங்கள் ஆடுவாள். அதற்குப் பிறகு வேறு பெண்கள் வருவார்கள். ஆகவே பயிற்சியாளர் தன் அணியை ஓயாமல் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெற்றோரிடம் பாட் கொடுத்த வாக்கு படிப்பைப் பற்றியது. மாணவிகள் வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும். வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த போட்டியில் ஆட முடியாது, எவ்வளவு பெரிய ஆட்டக்காரியாக இருந்தாலும் சரி. இதன் பலனாக, டென்னசியில் தங்கி முழுக்காலமும் ஆடி முடித்த அவருடைய மாணவிகள் அனைவரும் பட்டம் பெற்றார்கள். விளையாடினால் படிப்பு கெட்டுவிடும் என்று என்னிடம் வந்து நின்ற பெற்றோர்கள் எத்தனையோ பேர். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் நன்றாக ஆடும் பெண்ணை நிறுத்திவிடுவார்கள். அவர்களுக்கெல்லாம் 38 ஆண்டுகள் நடந்து காட்டிய பதில் இது.

ஆடுகளத்தில் அவர் கடுமையானவர். அவருடைய முறைப்புக்கே மாணவிகள் நடுங்குவார்கள். பயிற்சியின்போது ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்தி ஆடவிடுவார். பரணில் அண்ணன்மாரோடு ஆடிய அனுபவம் அவருக்கு மறக்கவில்லை போலும். கூடையில் விழாமல் திரும்பும் பந்தை யார் பிடிக்கிறார்களோ அவர்களே ஜெயிப்பார்கள் என்பது அவருடைய கொள்கை. அழகாகப் பந்து போடுகிறவர்களைவிட, முட்டி மோதி அந்தப் பந்தைப் பிடிக்கிறவர்களையே அதிகம் மதித்தார்.

1987, 1989, 1991-ல் பட்டங்கள் வந்தன. 1996 முதல் 1998 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. 1997-98 பருவத்தில் 39 போட்டிகள் ஆடி ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 2007, 2008-ல் மீண்டும் இரண்டு பட்டங்கள். 1987 டிசம்பரில் நாக்ஸ்வில்லின் புதிய அரங்கில் நடந்த ஒரு பெண்கள் போட்டிக்கு 24,563 பேர் வந்தார்கள். 2009 பிப்ரவரியில் அவர் ஆயிரமாவது வெற்றியைத் தொட்டார். மாதம் 250 டாலரில் தொடங்கியவரின் ஆண்டுச் சம்பளம் 2006-ல் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. பெண்கள் கூடைப்பந்தில் அந்த அளவை முதலில் எட்டியவர் அவர்தான். அவருடைய வெற்றிக் கணக்கைப் பிற்பாடு வேறு பயிற்சியாளர்கள் தாண்டிவிட்டார்கள். ஆனால் அவர்கள் நடந்த பாதையைப் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

ஊருக்குள் ஒருவர்

பாட் நாக்ஸ்வில்லை விட்டுப் போகவில்லை. கோடையில் பள்ளிச் சிறுமிகளுக்குப் பயிற்சி முகாம் நடத்துவார். பெரியவர் ஒருவரின் துணை தேவைப்படும் பிள்ளைகளுக்கு உதவும் பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ், ஊர் நன்கொடை திரட்டும் யுனைடெட் வே போன்ற அமைப்புகளுக்காகப் பேசுவார். அவரிடம் ஆடியவர்களில் பலர் தாங்களும் பயிற்சியாளர்கள் ஆனார்கள். அவருடைய பழைய மாணவிகளான ஹாலி வார்லிக்கும் கெல்லி ஹார்ப்பரும் பின்னாளில் அதே டென்னசி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தார்கள்.

மறைக்காமல் சொன்ன நோய்

2010-11 பருவத்தில் பாட்டுக்கு மறதி கூடியது. கூட்ட நேரங்கள் மறந்தன. எத்தனையோ ஆயிரம் முறை பலகையில் வரைந்து காட்டிய ஆட்ட வியூகங்கள் சட்டென்று பிடிபடவில்லை. மேயோ மருத்துவமனையில் பரிசோதித்தபோது, இளவயதில் வரும் அல்சைமர் நோய் என்று தெரிந்தது. 65 வயதுக்கு முன்னால் வருவதை அப்படிச் சொல்கிறார்கள்.

2011 ஆகஸ்டில், 59-ஆவது வயதில், அவர் அதை உலகறியச் சொன்னார். உதவிப் பயிற்சியாளர்களிடம் அதிகப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு இன்னும் ஒரு பருவம் பயிற்சியாளராகவே இருந்தார். அந்தப் பருவத்தில் அணி 27 போட்டிகளில் வென்று, தேசியப் போட்டியில் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்தது. 2012 ஏப்ரலில் தலைமைப் பொறுப்பை ஹாலி வார்லிக்கிடம் ஒப்படைத்தார். அதே ஆண்டு அதிபர் ஒபாமா அவருக்கு அந்நாட்டுக் குடிமக்களுக்கான மிக உயர்ந்த விருதை அளித்தார்.

இதற்கிடையில் 2011 நவம்பரில் மகன் டைலரோடு சேர்ந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு உதவுவது, மக்களுக்கு எடுத்துச் சொல்வது, நோயாளிகளையும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களையும் தாங்குவது ஆகிய மூன்றும் அதன் வேலை. எதிரணிகளின் ஆதரவாளர்கள்கூட அவர் பெயர் போட்ட சட்டை அணிந்து நிதி திரட்டினார்கள். 2016 ஜூன் 28-ல், 64 வயதில், பாட் காலமானார். பிற்பாடு நாக்ஸ்வில் பல்கலைக்கழக மருத்துவமனையில் அவர் பெயரால் ஒரு அல்சைமர் சிகிச்சையகம் திறக்கப்பட்டது.

நமக்கு எதற்கு இது?

நம் நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த வீடுகளில் சில நம் சங்கத்து வீடுகளாகவும் இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், வாரம் தவறாமல் கூட்டத்துக்கு வந்தவர், திடீரென்று வரவில்லை. கேட்டால் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்றார்கள். அவர் வீட்டிலேயேதான் இருந்தார். நாலு பேர் முன்னால் ஏதாவது தப்பாகப் பேசிவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். அந்தப் பயத்தில் குற்றம் சொல்ல நமக்கு என்ன இருக்கிறது? ஆனால் பழகிய முகங்களும் தமிழ்ப் பேச்சும் அவருக்கு மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் இரண்டும் இல்லாமல் போயின.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லோருக்கும் உள்ளது. தினம் போகும் கடைக்கு வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்பது, கைவந்த வேலை கையை விட்டுப் போவது ஆகியவை வேறு. வயதானால் அப்படித்தான் என்று விடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். தைராய்டு குறை, வைட்டமின் பி-12 குறை, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைக் குணப்படுத்த வழி உண்டு. அல்சைமரே என்றாலும் முன்கூட்டித் தெரிந்தால் பணம், வீடு, மருத்துவம் பற்றிய முடிவுகளை அவரே தெளிவாக எடுத்து வைக்கலாம். 1992-ல் கேரளத்தில் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கம் பார்த்துக்கொள்பவர்களுக்கு வழிகாட்டி வருகிறது.

நம் சங்கத்தாரிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. ஒன்று, விளையாட ஆசைப்படும் பெண்ணை ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தாதீர்கள். வகுப்பைத் தவறவிட்டால் ஆட்டம் இல்லை என்ற ஒரே நிபந்தனையைப் போடுங்கள், போதும். இன்னொன்று, மறதியால் துன்பப்படும் பெரியவர் வீட்டில் இருந்தால் அவரைக் கூட்டங்களுக்கு அழைத்து வாருங்கள். அவர் நம் பெயரை மறந்திருந்தால் நாமே சொல்லிக்கொள்வோம். பக்கத்தில் உட்கார்ந்து பேச மகளிர் பிரிவில் நாங்கள் சிலர் தயாராக இருக்கிறோம்.