நானுக்கு வேணும்!

மூன்று வயதுப் பிள்ளை 'நானுக்கு வேணும்' என்று கையை நீட்டினால் வீடே சிரிக்கும். கூடவே, 'எனக்கு வேணும்னு சொல்லுடா கண்ணா' என்று ஒரு திருத்தமும் வரும். சரி, 'நானுக்கு' என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அப்பா அப்படிச் சொல்வதில்லை, பாட்டி சொல்வதில்லை, டிவியிலும் வருவதில்லை. அம்மாவுக்கு, அவனுக்கு, பாப்பாவுக்கு என்று காதில் விழுந்ததையெல்லாம் வைத்துக்கொண்டு, 'உக்கு' சேர்த்தால் போதும் என்று அதுவே ஒரு விதி கட்டியிருக்கிறது. நான்காம் வேற்றுமை உருபு என்று நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே சங்கதிதான். 'நான்' உருபேற்கும்போது 'என்' என்று திரியும் என்பது இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே. குழந்தை தானாகவே மொழியின் விதியைக் கண்டெடுக்கிறது என்பதற்கு இந்தப் பிழையைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதைச் சோதித்துக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்கோ. 1958-ல் வெளியான ஆய்வு அது. பறவை போன்ற ஒரு கற்பனைப் பிராணியை வரைந்து அதற்கு 'வக்' என்று பெயர் வைத்தார். நான்கு முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் ஒன்றைக் காட்டி இது வக் என்றார். பிறகு இரண்டைக் காட்டி, இப்போது இவை என்ன என்று கேட்டார். பெரும்பாலான பிள்ளைகள் 'வக்ஸ்' என்றார்கள். உலகில் அதுவரை யாரும் சொல்லியிராத சொல். கேட்டுத் திருப்பிச் சொல்ல வழியே இல்லை. இன்னொன்று இதைவிட வேடிக்கை. ஆங்கிலக் குழந்தைகள் முதலில் 'வென்ட்' (went) என்று சரியாகச் சொல்வார்கள். சில மாதம் கழித்து, இறந்தகால விதி பிடிபட்டதும், அதே வாய் 'கோட்' (goed) என்று பிழையாகச் சொல்லும். பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை பின்னால் போவதுபோலத் தெரியும். உண்மையில் அது ஒரு படி ஏறியிருக்கிறது.

அப்படியானால் தமிழ் வீட்டுப் பிள்ளை ஏன் தமிழ் பேசுகிறது, கேட்டுச் சொல்வதுதானே பேச்சு என்று கேட்கலாம். சொற்களும் ஒலிகளும் காது வழியாகத்தான் வருகின்றன, மறுப்பில்லை. வந்த சரக்கை வைத்து வீடு கட்டுவது மட்டும் பிள்ளையின் வேலை. திருத்தினால் சீக்கிரம் கட்டி முடிக்காதா? ஆய்வாளர் டேவிட் மெக்நீல் 1966-ல் பதிவு செய்த ஓர் உரையாடலில், தன்னை யாருக்குமே பிடிக்கவில்லை என்பதை ஒரு குழந்தை ஆங்கிலத்தில் இரட்டை எதிர்மறை போட்டுச் சொல்கிறது. தாய் சரியான வாக்கியத்தைச் சொல்கிறார். பிள்ளை பழையபடியே சொல்கிறது. இப்படி எட்டு முறை. கடைசியில் பிள்ளை ஏதோ புரிந்ததுபோல வாக்கியத்தை மாற்றியது, இன்னொரு பிழையோடு! (பிள்ளையின் மனக்குறையை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பிடித்துக்கொண்ட தாயை என்ன சொல்வது?) தானாகக் கட்டிய விதி தானாகத்தான் திருந்தும். 'எனக்கு' என்ற சொல் போதிய தடவை காதில் விழுந்தால் 'நானுக்கு' தானே உதிர்ந்துவிடும்.

விதியைத் தானே கண்டுபிடிக்கும் என்றால் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டால் போதுமே என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்கு ஆய்வாளர் பேட்ரிஷியா குல் 2003-ல் சியாட்டிலில் பதில் கண்டார். ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். மொத்தம் 12 அமர்வுகள். அந்தக் குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியப் பழகிவிட்டன. அதே ஆட்களைத் திரையில் பார்த்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. முகம் பார்த்துப் பேசும் ஓர் ஆள் அந்த வயதில் வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் ரசித்துக்கொண்டே இருந்துவிடலாமா என்றால், கூடாது. ஆனால் கவலைப்பட வேண்டிய பிள்ளை தப்பாகப் பேசுகிற பிள்ளை அல்ல. இரண்டு வயதாகியும் இரண்டு சொல்லைச் சேர்க்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளை, இவர்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். 'அவன் மாமாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று நாள் கடத்தாமல், முதலில் காது கேட்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.