சாம்பலும் மூச்சும்: நெய்வேலிக் காற்று நமக்குச் சொல்வது என்ன?



தவக்காலத்தின் முதல் நாளில் பீடத்தின் முன் வரிசையாக நின்று நெற்றியில் சாம்பல் பெறுகிறோம். முந்தைய ஆண்டின் குருத்தோலைகளை எரித்துக் கிடைத்த சாம்பல் அது. நாம் மண்ணிலிருந்து வந்தவர்கள் என்பதை அது நமக்கு நினைவூட்டுகிறது.

ஆனால் நமது புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில், நெய்வேலியிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் மக்களுக்குச் சாம்பல் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் வந்து போவதல்ல. கொடியில் காயும் துணியிலும், மொட்டை மாடியில் உலர்த்திய வற்றலிலும், முந்திரி இலையிலும் அது படிகிறது. கண்ணுக்குத் தெரிவதைத் துடைத்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாமல் நம் மூச்சோடு உள்ளே போவதை என்ன செய்வது? இந்தக் கேள்வியைச் சற்று சிந்திப்போம்.

தூசி எங்கிருந்து வருகிறது?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணி 1957-இல் தொடங்கியது. 1962-இல் முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. அந்தப் பழைய நிலையம் 2020-இல் மூடப்பட்டுவிட்டது. எனினும் மற்ற நிலையங்களின் உற்பத்தித் திறன் இன்றும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் உள்ளது. தென்மாநிலங்கள் பலவற்றின் வீடுகளில் எரியும் விளக்கில் நெய்வேலியின் பங்கு உண்டு.

பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறையப் பாதி நீர்தான். எனவே அதே அளவு மின்சாரத்திற்கு அதை அதிகமாக எரிக்க வேண்டியிருக்கிறது. ஒரு டன் எடுப்பதற்கு மேலே உள்ள மண்ணை 5 கன மீட்டருக்கு மேல் அகற்ற வேண்டும். அகற்றிய மண் மலைபோலக் குவிகிறது. கோடையில் அந்த மேட்டிலிருந்து புழுதி கிளம்புகிறது. புகைபோக்கியில் வரும் சாம்பலின் பெரும்பகுதியை மின்னூட்டத்தால் இழுத்துப் பிடிக்கும் கருவிகள் தடுத்துவிடுகின்றன. ஆயினும் மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதி தப்பிவிடுகிறது. கந்தக-டை-ஆக்சைடு வாயுவும் வெளியேறி, காற்றில் வேறு பொருட்களோடு சேர்ந்து நுண்துகளாக மாறுகிறது.

எல்லாவற்றுக்கும் புகைபோக்கியே காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வயலில் கொளுத்தும் கரும்புச் சோகை, தெருமுனையில் எரியும் குப்பை, போகியன்று எரிக்கும் டயர், தார்ப்பாய் மூடாமல் ஓடும் லாரி, விறகடுப்பு எல்லாம் இதில் சேருகின்றன.

பருவம் மாறும்போது

ஆண்டு முழுவதும் காற்று ஒரே பக்கம் வீசுவதில்லை. பங்குனி, சித்திரையில் தெற்கிலிருந்து வரும் காற்று தூசியைப் பண்ருட்டி பக்கம் கொண்டு போகிறது. ஆனி, ஆடியில் மேல்காற்று வடலூர், குறிஞ்சிப்பாடி பக்கம் தள்ளுகிறது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று விருத்தாசலம், கம்மாபுரம் பக்கம் திருப்பிவிடுகிறது. இன்று நமக்குக் காற்று சுத்தமாக இருக்கிறது என்றால், நமது பங்கு வேறொரு ஊருக்குப் போயிருக்கிறது என்றே பொருள்!

ஐப்பசி, கார்த்திகை மழை காற்றைக் கழுவுகிறது. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் அதிகமாகக் கொட்டித் தீர்த்தது. ஆனால் மழை கழுவியது மறைந்துவிடுவதில்லை. அது வயலிலும் வாய்க்காலிலும் ஏரியிலும் இறங்குகிறது.

மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில்தான் அதிகக் கவனம் தேவை. இரவில் தரை விரைவில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. அதற்கு மேலே வெப்பக்காற்று ஒரு மூடிபோல அமர்ந்துவிடுவதால், கீழே எழும் புகை மேலே போக வழியில்லை. பனியும் புகையும் கலந்து, வெயில் ஏறும்வரை ஊரின் மீதே கிடக்கின்றன. விடியலில் கோலமிடும் தாயும், முதல் திருப்பலிக்கு நடந்து வரும் முதியவரும், பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் குழந்தையும் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான்.

நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானது. அது நுரையீரலின் ஆழம்வரை சென்று இரத்தத்திலும் கலக்கிறது. இளைப்பையும் இதய நோயையும் கூட்டுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் கூறியது. நம் நாட்டின் வரம்போ 40. கந்தக வாயுவுக்கு 2015 டிசம்பரில் மத்திய அரசு வரம்பு விதித்தது. அதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான அனல்மின் நிலையங்களுக்கு அந்த வாயுவைப் பிரிக்கும் கருவியிலிருந்து விலக்கும் அளிக்கப்பட்டது.

இறைவனின் மூச்சு

மண்ணால் மனிதனை உருவாக்கிய ஆண்டவர், அவன் மூக்கில் தம் உயிர் மூச்சை ஊதினார் என்று தொடக்கநூல் கூறுகிறது (தொநூ 2:7). உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியைத் தந்தார் (யோவா 20:22). உலர்ந்த எலும்புகள் உயிர்பெற நான்கு திசைகளின் காற்றையும் அழைத்தார் எசேக்கியேல் (எசே 37:9). திருவிவிலியத்தில் காற்று உயிரைச் சுமந்து வருகிறது. நம் ஊரில் அது நோயைச் சுமந்து வரலாமா?

காற்றுக்கு வேலி போட முடியாது. நகரியத்து வட்டங்களில் நிழல் மரங்கள் உண்டு. சுரங்கத்திற்கு நிலம் கொடுத்துவிட்டு அதன் ஓரத்திலேயே வாழும் சிற்றூருக்குப் பல வேளைகளில் புழுதி மட்டுமே மிச்சம். அதே சுரங்கம்தான் நம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சோறு போடுகிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. அதனால்தான் பலர் பேசத் தயங்குகிறோம். ஆனால் உணவுக்கும் மூச்சுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்துகொள் என்று எந்த ஏழையிடமும் சொல்ல நமக்கு உரிமையில்லை. பூமியின் அழுகுரலையும் ஏழைகளின் அழுகுரலையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடலில் கற்பித்தார்.

நாம் செய்யக்கூடியவை

- கரும்புச் சோகையைக் கொளுத்தாமல் வயலிலேயே மூடாக்காகப் பரப்புவோம். ஈரம் நிற்கும், மண்ணும் வளம் பெறும்.
- குப்பையையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க மாட்டோம் என்று ஒவ்வொரு அன்பியமும் முடிவெடுக்கலாம்.
- மார்கழி, தையில் இளைப்பு உள்ளவர்களும் முதியோரும் வெயில் ஏறியபின் வெளியே வரட்டும். அவர்களுக்கு வசதியாகத் திருப்பலி நேரத்தையும் பங்குப் பேரவை எண்ணிப் பார்க்கலாம்.
- காற்றின் அளவீடுகளைச் சிற்றூர்களிலும் எடுத்து, தமிழில் அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்லிக் கிராம சபையில் கேட்போம். லாரிகளுக்குத் தார்ப்பாயும், சாலைக்குத் தண்ணீர் தெளிப்பும் கேட்போம். இது யாருக்கும் எதிரான போராட்டமல்ல. அயலாருக்கு நாம் செய்யும் கடமை.

அடுத்த சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வீடு திரும்பும்போது, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒரு கணம் நின்று பார்ப்போம். அந்தத் திசையில் உள்ள ஊரின் பெயரைச் சொல்லிச் செபிப்போம்.

உயிர் மூச்சைத் தந்த இறைவா, நாங்கள் சுவாசிக்கும் காற்றை எங்கள் அயலாரும் அச்சமின்றிச் சுவாசிக்க உழைக்கும் மனதை எங்களுக்குத் தாரும். ஆமென்.