பல்லளவும் ஆளடையாளமும்

மக்கள் உடலில் மிகக் கடினமான பொருள் பல்லின் முடியைப் போர்த்துள்ள பற்சிப்பியே ஆகும். தசை அழிந்து எலும்பும் சிதைந்தவிடத்துப் பல் எஞ்சி நிற்றல் பெருவழக்கு. மற்றொரு சிறப்பும் அதற்கு உண்டு. எலும்பு வாழ்நாள் முழுதும் மாறிக்கொண்டே இருக்கும். பல்முடியோ ஈறு பிளந்து வெளிப்படுமுன்னரே தன் உருவும் அளவும் பெற்றுவிடும். பின்னர் அதற்குத் தேய்தலும் உடைதலும் சொத்தையுறுதலும் உண்டேயன்றி வளர்தல் இல்லை. தடயவியலார் பல்லை அளக்கப் புகுந்தது இதுபற்றியே. ஆயின் அவ்வளவு இன்னதைச் சொல்லும், இன்னதைச் சொல்லாது என வரையறுத்துக் கோடல் வேண்டும். இரண்டையும் மயக்கிக் கூறுவார் உளராதலின் ஈண்டு அதனை ஆராயப் புகுகின்றோம்.

அளக்கப்படுவன பெரும்பாலும் இரண்டு. வரிசையில் அடுத்தடுத்த பற்களைத் தொடும் பக்கங்களுக்கு இடைப்பட்ட அகலம் ஒன்று; கன்னப்பக்கத்திற்கும் நாப்பக்கத்திற்கும் இடைப்பட்ட தடிப்பு மற்றொன்று. வெர்னியர் காலிப்பரே கருவி. ஆடவர் பல் பெண்டிர் பல்லினும் சராசரியிற் சற்றுப் பெரிது. அவ்வேற்றுமை மிகுதியும் புலப்படுவது கோரைப்பல்லில். அதுவும் கீழ்த்தாடைக் கோரைப்பல்லில். எனினும் வேற்றுமை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. ஆகவே பெரும்பல் உடைய பெண்ணும் சிறுபல் உடைய ஆணும் எல்லைக்கோட்டில் கலந்து நிற்பர். தேய்ந்த பல்லை அளப்பின் பிழை இன்னும் மிகும்.

1989இல் தென்னிந்தியரை அளந்த ஆய்வாளர் சிலர், கீழ்க் கோரைப்பல்லின் அகலத்தை அவ்விரு கோரைப்பற்களுக்கும் இடைப்பட்ட தொலைவால் வகுத்து, அவ்வீவு 0.274க்கு மேற்படின் ஆண் எனவும் அதனின் மேற்படாவிடின் பெண் எனவும் கொள்ளலாம் என்றனர். எளிய கணக்காதலின் அது விரைவிற் பரவிற்று. பின்வந்தோர் சிலர் மீண்டும் அளந்தபோது அத்துணைப் பயன் கிட்டவில்லை. காரணம் வெளிப்படை. ஆணுக்குப் பல்லும் பெரிது, தாடைவளைவும் பெரிது. பெரியதைப் பெரியதால் வகுத்தால் நாம் தேடிய வேற்றுமையே மறைந்துபோகின்றது. வகுக்காத தனியளவே அதனினும் மேலான சான்று என்பது எம் கருத்து. அதுவும் அவ்வம் மக்கட்குழுவில் அளந்து பெற்ற எல்லையைக்கொண்டே கூறத்தக்கது.

இவ்வளவும் கூட்டத்தைச் சுட்டுவதேயன்றி ஆளைச் சுட்டுவதன்று. ஆளைச் சுட்ட, அவர் உயிரோடிருந்த காலத்து எடுத்த பதிவொன்று வேண்டும். பாஸ்டன் நகர வழக்கு இதனை நன்கு காட்டும். 1849 நவம்பர் 23ஆம் நாள் சார்ச்சு பார்க்மன் என்னும் செல்வர் காணாமற்போயினார். அவரிடம் கடன்பட்டவர் ஆர்வர்டு மருத்துவக் கல்லூரி வேதியற் பேராசிரியர் சான் வெப்சுடர். ஒரு கிழமை கழித்து, அவருடைய ஆய்வுக்கூடப் பகுதியில் உடற்கூறுகள் கிடைத்தன, தலை இல்லை. உலைச்சாம்பலில் மட்டும் செயற்கைப் பற்களின் துண்டுகள் இருந்தன. அவற்றை 1846இல் செய்தளித்த பல்மருத்துவர் நேதன் கீப், பார்க்மனின் தாடைக்கு எடுத்த சாந்து அச்சினை எறியாது வைத்திருந்தார். இடப்பக்கக் கீழ்த்தாடைத் துண்டு அவ்வச்சிற் பொருந்திற்று. நாவுக்கு இடம்விடத் தாம் தேய்த்த இடத்தையும் அவர் சுட்டிக் காட்டினார்.

ஈதர் மயக்கமருந்தாற் பெயர்பெற்ற வில்லியம் மார்ட்டன் எதிர்த்தரப்பிற் சான்று கூறி, அத்துண்டில் ஒருவரை வேறுபிரிக்கும் தனியடையாளம் இல்லை என்றார். அவர் எழுப்பிய ஐயம் பொருளற்றதன்று. ஓர் அச்சிற் பொருந்துவது பிறிதோர் அச்சிலும் பொருந்துமோ என்பதே இத்துறையின் உயிர்நிலை வினா. ஓர் உயிர் அதன்மேல் தொங்கிற்று. நடுவர் வெப்சுடரைக் குற்றவாளி எனக் கண்டனர்; அவர் பின்னர்த் தாமே கொலையை ஒப்புக்கொண்டார்; 1850 ஆகத்து 30ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

கீப் அவ்வச்சினை எறிந்திருப்பின், எத்துணை நுட்பமாக அளந்திருப்பினும் சாம்பலிற் கிடைத்தது யாரோ ஒருவர் பல் என்ற அளவே நின்றிருக்கும். நம் நாட்டில் பல்மருத்துவரிடம் ஒருமுறையேனும் சென்றறியாதார் பலர். அவர்தம் எச்சம் கிடைக்குமிடத்து, முன்பற்கள் தெரியச் சிரித்த நிழற்படம் வீட்டில் உண்டா என ஆய்வாளர் வினவுவது இதனாலேயே.