குழாய் அடைப்பு: ஆசிட் விற்குமுன் அறிய வேண்டியவை

"சிங்க் அடைத்துக்கொண்டது, ஆசிட் ஒரு பாட்டில் கொடுங்கள்" என்று கேட்டு வருபவர்கள் மளிகைக் கடைகளுக்குப் புதியவர்கள் அல்லர். கேட்டதைக் கொடுத்துக் காசை வாங்கிப் போடுவதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. தவறான பொருளை ஊற்றினால் அடைப்பும் நீங்காது. உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அடைப்பு எங்கே?

ஒரு சிங்க் மட்டும் தேங்கினால் பெரும்பாலும் அதன் கீழுள்ள வளைவுக் குழாயில்தான் அடைப்பு இருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஆறியதும் குழாயின் உட்புறம் படிந்து சோற்றையும் டீத்தூள் சக்கையையும் பிடித்துக்கொள்கிறது. குளியலறையில் தலைமுடியும் சோப்பும் அதே வேலையைச் செய்கின்றன. வீடு முழுவதும் ஒரே நேரத்தில் தேங்கினால் வெளியே உள்ள சேம்பரையோ செப்டிக் டேங்கையோ பார்க்க வேண்டும்.

தண்ணீர் 'களக் களக்' என்ற சத்தத்துடன் மெதுவாக இறங்கி, நாற்றமும் வீசினால் மாடிக்குச் சென்று காற்றுக் குழாயைப் பாருங்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டு விட்டு வரும். இன்னொரு ஓட்டை போட்டால் சீராக வரும். இதுவும் அதே கணக்குதான். காற்றுக் குழாயின் வாயைப் பறவைக் கூடோ சருகோ அடைத்துவிட்டால், வளைவில் நிற்கும் தண்ணீர் உறிஞ்சப்பட்டு, நாற்றமும் கரப்பானும் வீட்டுக்குள் வரும். குப்பையை எடுத்துவிட்டு வலை மூடி போட்டால் போதும். எவ்வளவு ஆசிட் ஊற்றினாலும் இந்தக் குறை தீராது.

முதலில் கை வேலை

கீழே வாளி வைத்து வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவலாம். ரப்பர் பம்பினால் அழுத்தி இழுக்கலாம். நீளமான ஸ்பிரிங் கம்பியை உள்ளே விட்டுச் சுழற்றலாம். பி.வி.சி. குழாயில் கொதிநீர் ஊற்றக் கூடாது, குழாய் இளகிவிடும்.

மருந்துகளில் எச்சரிக்கை

எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பாக மாற்றிக் கரைப்பது காஸ்டிக் சோடா, ஆசிட் அல்ல. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை அவசியம், அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. காஸ்டிக் ஊற்றிய குழாயில் ஆசிட் ஊற்றினாலும் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் கலப்பது. அதிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். 1915-ல், முதல் உலகப் போரில் வீரர்களைக் கொன்ற அதே வாயுதான் இது. ஒரே பில்லில் இவ்விரண்டையும் கேட்பவரிடம் "இரண்டையும் சேர்க்காதீர்கள்" என்று கட்டாயம் சொல்ல வேண்டும்.

சட்டம் சொல்வது

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஆசிட் வாங்குபவரின் விவரத்தையும் அளவையும் பதிவேட்டில் எழுத வேண்டும். முகவரியுடன் கூடிய அரசு அடையாள அட்டையைப் பார்க்க வேண்டும். எதற்காக வாங்குகிறார் என்று கேட்க வேண்டும். 18 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கணக்கில் காட்டாத இருப்பு பறிமுதலாகும், ரூ. 50,000 வரை அபராதமும் உண்டு. மாநில நச்சுப் பொருள் விதிகளின்படி உரிமம் தேவையா என்பதையும் கேட்டறிந்து கொள்வது நலம்.

செப்டிக் டேங்க் அடைத்தால் எவரையும் உள்ளே இறக்காதீர்கள். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உறிஞ்சும் லாரியை அழையுங்கள். நம் கடைக்கும் கிடங்குக்கும்கூட இது பொருந்தும்.