மூவர் சேர்ந்து வாசித்த கடிதம்

மாத்தளை நகரிலிருந்து ரத்தோட்டை ஊடாக மலையேறும் பாதை வளைந்து வளைந்து ரிவர்ஸ்டனை அடைகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடபுறத்தில், ஆளைத் தள்ளும் காற்றும் கண்ணை மறைக்கும் பனிமூட்டமும் உள்ள இடம் அது. உச்சியிலுள்ள ஒலிபரப்புக் கோபுரத்தையும், அப்பால் பிட்டவல பத்தனைப் புல்வெளியையும் பார்க்க வார இறுதிகளில் வாகனங்கள் வரிசையாக வருகின்றன. வருவோர் படம் எடுக்கிறார்கள், தேநீர் குடிக்கிறார்கள், திரும்பிப் போகிறார்கள். வரும் வழியில், ரத்தோட்டைப் பக்கச் சரிவுகளில் தேயிலைக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே தெரிகின்ற லயன்களைக் கவனிப்போர் மிகச் சிலரே.

அந்த லயன்களில் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒரு விடயத்தையே இங்கு எழுதுகின்றோம். அது ஒரு மாணவி தொண்டு செய்ய வந்த கதை. அதில் எமது தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வோம்.

தீப்பெட்டி வாங்க முடியாத ஆசிரியை

அவள் யாழ்ப்பாணத்தவள், பல்கலைக்கழக மாணவி. நீண்ட விடுமுறையை ஏதாவது பயனுள்ள வழியில் கழிக்க விரும்பி எம்மிடம் வந்தாள். தமிழும் ஆங்கிலமும் நன்கு தெரியும். சிங்களம் தெரியாது. ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களும் நிறத்தாள்களும் கொண்டுவந்திருந்தாள். மாலை வேளைகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவதே அவளது திட்டம். நாமும் சம்மதித்தோம்.

வந்த இரண்டாம் நாள் பாதையோரக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போனாள். முதலாளிக்கு அவளது யாழ்ப்பாணத் தமிழ் விளங்கவில்லை. அவர் கேட்ட சிங்களம் அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற ஏழு வயதுப் பையன் இரண்டு சொல்லில் தீப்பெட்டியை வாங்கி, மீதிச் சில்லறையையும் எண்ணி, அவள் கையில் கொடுத்தான். பிறகு வியப்போடு கேட்டான்: "அக்கா, ஒங்களுக்கு சிங்களம் தெரியாதா?"

அன்றிரவு அவள் எம்மிடம் சொன்னாள்: "ஃபாதர், நான் படிப்பிக்க வந்தனான். ஆனா இங்க எல்லாருக்கும் என்னைவிட ஒரு பாஷை கூடத் தெரியுது."

அவள் சொன்னது உண்மையே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மாத்தளை மாவட்ட மக்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கினர் சிங்களவர். எஞ்சியோர் தமிழரும் முஸ்லிம்களும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளினூடே வடக்குப் பாதையில் நடந்து, முதலில் ஏறிய மலைநாட்டு நகரங்களில் மாத்தளையும் ஒன்று. அன்று தொட்டு இங்கு கடை, பஸ், வைத்தியசாலை எல்லாம் சிங்களத்திலேயே. பழைய தலைமுறைச் சிங்கள விவசாயிகள் சிலர், தோட்டத்தில் வேலை செய்த பழக்கத்தால், நல்ல தமிழ் பேசுவார்கள். அவர்களது பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இன்றும் இரண்டு மொழியும் பேசியே வளர்கின்றார்கள். அப்படிப் பேசாவிட்டால் அவர்களுக்குத் தீப்பெட்டிகூடக் கிடையாது.

சொப்பிங் பைக்குள் இருந்தது

லயனின் கடைசிக் காம்பராவில் ஒரு மூதாட்டி இருந்தார். லயன் முழுவதும் அவரை அம்மாயி என்றே அழைக்கும். நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். ஒருநாள் மாணவி அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, சுவரில் ஆணியில் தொங்கிய சொப்பிங் பையைக் கண்டாள். கிளினிக் அட்டை, சேமலாப நிதிக் கடதாசிகள், பழைய பிரசாவுரிமைச் சான்றிதழ் என்று குடும்பத்தின் ஆவணங்கள் அத்தனையும் அதற்குள் இருந்தன. அவற்றோடு, முத்திரை பதித்த ஒரு புதிய கடிதமும் இருந்தது. முழுவதும் சிங்களம்.

"இது என்ன அம்மாயி?"

"ஆபீஸ் கடுதாசி தாயி. வந்து மூணு வாரம் இருக்கும்."

"உங்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே?"

"பேசத் தெரியும். படிக்கத் தெரியாதே."

தோட்டத்துப் பாடசாலையில் மூன்றாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர் அவர். சிங்களத்தை அவர் கொழுந்து மலையிலும் கடையிலும் காதால் கேட்டுக் கற்றாரேயன்றி எழுத்தாக அல்ல. அவரது மகனும் அப்படியே.

அந்நேரம் கீழ்க் கிராமத்து இளைஞன் ஒருவன் முச்சக்கர வண்டியில் யாரையோ இறக்கிவிட வந்தான். அம்மாயி "புதா, இங்க வா" என்று கூப்பிட்டார். அவன் கடிதத்தை வாங்கி உரக்க வாசித்தான். மாணவியின் காதில் விழுந்த ஒரே சொல் 'நாய'. கடிதம் ஏதோ நாய்களைப் பற்றியது, விசர்நாய்த் தடுப்பூசியாக இருக்கலாம் என்று எண்ணினாளாம். சிங்களத்தில் 'நாயயாம' என்றால் மண்சரிவு.

அலுவலகச் சிங்களம் பேச்சுச் சிங்களம் அல்ல. அம்மாயிக்கும் பாதி விளங்கவில்லை. இளைஞன் ஒவ்வொரு வசனத்தையும் வாசித்து, பிறகு சாதாரண சிங்களத்தில் சொன்னான். அம்மாயி அதைத் தமிழில் சொன்னார். மாணவி தமிழில் எழுதினாள். ஒரு பக்கக் கடிதத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. மூவரில் எவராலும் தனியே அக்கடிதத்தைத் தமிழில் எழுதியிருக்க முடியாது.

லயன் இருக்கும் இடம் மண்சரிவு அபாயமுள்ளதாக அடையாளம் காணப்பட்டுள்ளது, மாற்று இடம் பற்றிய விசாரணைக்குக் குடும்பத் தலைவர் உரிய ஆவணங்களுடன் இன்ன திகதியில் சமுகமளிக்க வேண்டும் என்பதே அதன் செய்தி. அந்தத் திகதிக்கு நான்கு நாட்களே இருந்தன. அடுத்த காம்பராக்களில் விசாரித்தபோது மேலும் எட்டுக் குடும்பங்களுக்கு அதே கடிதம் வந்திருந்தது தெரிந்தது. ஒரு வீட்டில் அது பிள்ளையின் கொப்பிக்கு உறையாகியிருந்தது.

இதன் பாரதூரத்தைச் சொல்லத் தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி பதுளை மாவட்டம் கொஸ்லாந்தையில் மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மாத்தளை உட்பட மலைநாடெங்கும் மண் சரிந்து, பெருந்தொகையான உயிர்கள் பலியாயின. அபாய அறிவித்தல் உரியவரின் கைக்கு வந்தும் வாசிக்கப்படாமல் கிடக்குமானால், அது வராததற்குச் சமம்.

"இவர்களுக்குத்தான் சிங்களம் தெரியுமே!"

குறித்த நாளில் ஒன்பது குடும்பத்தாரோடு நாமும் மாணவியும் பஸ்ஸில் போனோம். அங்கிருந்த உத்தியோகத்தர் அன்பானவர். எல்லோரையும் அமரச் செய்தார். அம்மாயி அவரோடு சரளமாகச் சிங்களத்தில் பேசினார். கடிதத்தைத் தமிழிலும் அனுப்பியிருக்கலாமே என்று நாம் கேட்டபோது, அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, "இவர்களுக்குத்தான் நன்றாகச் சிங்களம் தெரியுமே, ஃபாதர்!" என்றார்.

அவரது பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் சிக்கலின் முடிச்சு அதில்தான் இருக்கின்றது. மக்கள் தமது முயற்சியால் கற்ற இரண்டாம் மொழியே, அவர்களுக்குத் தமிழில் எழுதத் தேவையில்லை என்பதற்குச் சான்றாகிவிடுகின்றது. வாய் இரண்டு மொழி பேசுவதைக் காண்போர், கண் ஒரு மொழியைக்கூடச் சரியாக வாசிக்க முடியாதிருப்பதைக் காண்பதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. 1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988இன் 16ஆம் திருத்தம் அதற்கு நடைமுறை வகுத்தது. அதன்படி, சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்பு கொள்ளவும், தமிழிலேயே பதில் பெறவும், அரச ஆவணமொன்றின் தமிழ் மொழிபெயர்ப்பைப் பெறவும் உரித்துடையவர். 22ஆம் உறுப்புரையில் இது உள்ளது. மீறப்பட்டால் 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரச கரும மொழிகள் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அந்த ஒன்பது குடும்பங்களில் ஒருவரும் இதை அறிந்திருக்கவில்லை.

அன்று இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. நான்கு பேரின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது. காரணம் எளியது. தமிழில் 'க' என்ற ஓரெழுத்து இரண்டு மூன்று ஒலிகளுக்கு நிற்கும். 'ப'வும் அப்படியே. சிங்களத்தில் ஒவ்வோர் ஒலிக்கும் தனித்தனி எழுத்து. தமிழ்ப் பெயரைக் காதால் கேட்டு எழுதும் எழுதுவினைஞர் தமக்குப் பட்ட எழுத்தைப் போடுவார். அடுத்த அலுவலகத்தில் அடுத்தவர் வேறோர் எழுத்தைப் போடுவார். இப்படியே ஒரு மனிதர் கடதாசியில் இருவர் ஆகிவிடுகின்றார். சேமலாப நிதி கேட்கும் நாளில், அவர் தாம் தாமே என்று நிரூபிக்கச் சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியதாகின்றது.

எமது தவறு

அந்தப் பயணத்துக்குப் பின் மாணவியின் பெயர் மலையெங்கும் பரவியது. கடிதங்களும் படிவங்களும் கொண்டு சனம் வரத் தொடங்கியது. அவளும் இளைஞனும் அம்மாயியும் ஒவ்வொரு மாலையும் இருந்து வாசித்தார்கள். பிள்ளைகளின் வகுப்பு நின்றுபோனது. நாமோ மகிழ்ந்தோம். இத்தனை கடிதம், இத்தனை படிவம் என்று எண்ணி எமது அறிக்கையில் பெருமையோடு எழுதினோம்.

தவறைக் கண்டவள் அவளே. "ஃபாதர், நான் அடுத்த மாசம் போயிடுவன். பிறகு இதையெல்லாம் ஆர் வாசிக்கிறது?" என்று கேட்டாள். எம்மிடம் பதில் இருக்கவில்லை. ஒருவரை நம்பியிருந்த மக்களை இன்னொருவரை நம்பியிருக்கச் செய்வதைச் சேவை என்று எண்ணியிருந்தோம்.

எஞ்சிய வாரங்களில் வேலையின் போக்கு மாறியது. போயா விடுமுறை நாட்களிலும் ஞாயிறு பின்னேரங்களிலும் பிள்ளை மடுவத்தில் லயன் இளைஞரும் கிராமத்து இளைஞரும் கூடினார்கள். பாடப்புத்தகம் இல்லை. வீடுகளிலிருந்து வந்த உண்மையான கடிதங்களே பாடம். சிங்கள இளைஞர் தமிழெழுத்தைக் கற்றார்கள், தமிழ் இளைஞர் சிங்கள எழுத்தைக் கற்றார்கள். அலுவலகக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்களை ஒரு கொப்பியில் இரண்டு எழுத்திலும் எழுதினார்கள். அதன் முதற் சொல் 'நாயயாம'. மாணவிக்குச் சிங்கள அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவன் அந்த ஏழு வயதுப் பையன்.

கிராமத்து இளைஞர் ஏன் வந்தார்கள்? இரக்கத்தினால் மட்டுமல்ல. மேலே லயன் சரிந்தால் அந்த மண் வந்து விழுவது கீழேயுள்ள தங்கள் வீடுகளின் மேலேயே என்பதை அவர்கள் அறிவார்கள். மழையின் அளவை மேலேயுள்ளவர் பார்த்துச் சொன்னால் கீழேயுள்ளவர் தப்பலாம். எனவே மழைமானி ஒன்று வைத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவுகளை மடுவச் சுவரில் இரு மொழியிலும் எழுதினார்கள்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், விழிப்பாயிருக்க வேண்டும். 100 என்றால் செம்மஞ்சள், வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 என்றால் சிவப்பு, வெளியேற வேண்டும்.

இதற்கு முன் நடந்தவர்கள்

மாணவரைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்வது எமது நாட்டுக்குப் புதிதன்று. 1958இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனத்தொளுவ கிராமத்துக்குச் சிரமதானத்துக்குக் கூட்டிச் சென்றார். சர்வோதய இயக்கம் அதிலிருந்து பிறந்தது. கண்டியில் 1972இல் யேசு சபைத் துறவி போல் கஸ்பர்ஸ் அடிகளார் சத்தியோதயத்தை நிறுவி, தோட்டத் தமிழரையும் கிராமச் சிங்களவரையும் ஒரே மேசையில் அமர்த்த 2017இல் தாம் மறையும் வரை உழைத்தார். இந்தியாவில் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இவற்றில் பங்குகொண்ட மாணவர் பலரும் சொல்வது ஒன்றே: கொடுக்கப் போன இடத்தில் பெற்றுக்கொண்டே திரும்பினோம்.

மாணவி திரும்பிச் சென்றபோது ஒன்பது குடும்பங்களும் அதே லயனில்தான் இருந்தன. பெயர்கள் மட்டும் திருத்தப்பட்டு, விண்ணப்பங்கள் கோவையில் சேர்ந்திருந்தன. பின்னர் சிலருக்குக் காணி கிடைத்தது. சிலர் இன்னும் காத்திருக்கின்றார்கள். ஆனால் கடிதம் வந்தால் அது இப்போது அன்றைக்கே வாசிக்கப்படுகின்றது. பதிலைத் தமிழில் எழுதி, தமிழில் பதில் கேட்கவும் பழகியிருக்கின்றார்கள். சில வேளைகளில் தமிழில் பதில் வருகின்றது. வராவிட்டால் மீண்டும் எழுதுகின்றார்கள்.

விடுமுறையில் மாணவரை அனுப்பும் பங்குகளுக்கும் சங்கங்களுக்கும் எமது வேண்டுகோள் இதுவே. முதல் வாரம் அவர்கள் எதையும் கற்பிக்க வேண்டாம். வீடு வீடாகப் போய்ச் சுவரில் தொங்கும் அந்தச் சொப்பிங் பையை, வீட்டாரின் அனுமதியோடு, திறந்து பார்க்கட்டும். அதற்குள் வாசிக்கப்படாத கடிதம் ஏதும் உண்டா, அதன் திகதி கடந்துவிட்டதா என்று கேட்கட்டும். வேலை எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பை காட்டும்.